தண்ணீர் தங்காத மலை: சாம் ரோய் யோட்டுக்குப் போகும் முன்

புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு மலையேற்றம் என்றால் செஞ்சிதான். ராஜகிரி உச்சி சுமார் 800 அடி. விடியற்காலையில் கிளம்பினால் வெயில் உறைப்பதற்குள் ஏறி இறங்கிவிடலாம். அந்த மலை முழுக்கக் கருங்கல் வகைப் பாறை. மழை பெய்தால் பாறைமேல் வழிந்து ஓடும், பள்ளம் கிடைத்தால் தேங்கி நிற்கும். மேலே சுனைகளும் கீழே செட்டிக்குளமும் சக்கரக்குளமும் இருப்பது அதனால்தான். 1690இல் தொடங்கிய முகலாயர் முற்றுகை 1698 வரை இழுத்ததற்கு மதில்களுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, மலைமேல் தங்கிய தண்ணீருக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

செஞ்சியில் ஏறிப் பழகிய ஒருவர் தாய்லாந்தின் காவோ சாம் ரோய் யோட் தேசியப் பூங்காவுக்குப் போனால் கொஞ்ச நேரத்திலேயே குழம்பிவிடுவார். மலை பச்சைப் பசேலென்று இருக்கிறது. ஆனால் ஓடை இல்லை, சுனை இல்லை, அருவி இல்லை. நல்ல மழைக்கு மறுநாள்கூட மேலே கை நனைக்கத் தண்ணீர் கிடைக்காது. அடிவாரத்திலோ கண்ணுக்கெட்டிய தூரம் சதுப்பு நிலம். மேலே பெய்த மழை எங்கே போனது? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் அந்த மலையில் பார்க்கும் எல்லாமே விளங்கத் தொடங்கும் என்பது என் எண்ணம். காலணியைக் கிழிக்கும் பாறை, கூரை திறந்த குகை, அடிவாரத்துச் சதுப்பு எல்லாவற்றுக்கும் அதுதான் சாவி.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பாங்காக்கிலிருந்து தெற்கே, ஹுவா ஹின் கடற்கரை ஊரைத் தாண்டி, பிரச்சுவாப் கிரி கான் மாகாணத்தில் தாய்லாந்து வளைகுடாவை ஒட்டி இருக்கிறது இந்தப் பூங்கா. பெயருக்கு ‘முந்நூறு சிகரங்கள் கொண்ட மலை’ என்று பொருள். 1966இல் அறிவிக்கப்பட்டது, அந்த நாட்டின் முதல் கடலோரத் தேசியப் பூங்கா. பரப்பு சுமார் 98 சதுர கிலோமீட்டர். உயரமான சிகரமான காவோ கிராச்சோம் 605 மீட்டர். எண்ணிக்கையில் பெரிய உயரம் இல்லை, ஏலகிரியைவிடவும் குறைவுதான். ஆனால் கடல் மட்டத்தில் நிற்கும் சமவெளியிலிருந்து சரிவே இல்லாமல் நேராக எழும்புவதால் பார்க்கிறவருக்கு இரண்டு மடங்காகத் தெரியும்.

சரி, மழை எங்கே போகிறது என்பதற்கு வருவோம். இதற்குத் தாய்லாந்து போக வேண்டியதில்லை, வீட்டு அடுப்படியே போதும். நம் பக்கத்து போர்வெல் தண்ணீரை ஒரே பாத்திரத்தில் தொடர்ந்து காய்ச்சிப் பாருங்கள். சில நாளில் அடியில் வெள்ளையாக ஒரு படிவு ஏறும். முதலில் மெல்லிய தோல் போலத் தெரியும். பிறகு சொரசொரப்பாகும். நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும். அதன்மேல் கொஞ்சம் வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட்டால் பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பி, படிவு கரைய ஆரம்பிக்கும். பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் அது. சுண்ணாம்புக்கல்லும் அதே பொருள்தான்.

மழைநீர் காற்றிலிருந்தும், அதைவிட அதிகமாக மண்ணிலிருந்தும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புக்கல்லைத் தொட்டால், கல் துளித்துளியாகக் கரைந்து நீரோடு போகிறது. வெப்பமண்டலக் காட்டு மண்ணில் இலைதழை அழுகி, வேர்கள் மூச்சுவிட்டு, கரியமில வாயு ஏராளமாகச் சேர்கிறது. அதனால் அங்கே கரைப்பும் வேகம். பாறையில் ஏற்கெனவே இருக்கும் விரிசல்கள் வழியே நீர் இறங்குகிறது. இறங்கும்போதே விரிசலை அகலமாக்குகிறது. அகலமான விரிசல் இன்னும் அதிக நீரை வாங்குகிறது. இப்படியே லட்சக்கணக்கான ஆண்டுகள் போனால் மலைக்குள் குழாய்களும் கூடங்களும் உண்டாகிவிடும். மழை மேலே ஓடவே தேவையில்லை, உள்ளே இறங்கிவிடும். புவியியலாளர்கள் இந்த வகை நிலத்தைக் கார்ஸ்ட் என்கிறார்கள்.

அதே நீர் குகைக் கூரையில் கசிந்து வெளியே வரும்போது எதிர்த்திசையில் வேலை நடக்கிறது. குகைக் காற்றில் கரியமில வாயு குறைவு என்பதால், துளியிலிருந்து வாயு பிரிந்து போகிறது. தாங்கிப் பிடித்த அமிலம் போய்விட்டால் கல்லைக் கரைசலாக வைத்திருக்க நீரால் முடியாது. ஒரு மெல்லிய வளையமாகக் கூரையிலேயே விட்டுவிட்டு விழுகிறது. கூரையில் கல்விழுது, தரையில் கல்முளை, இரண்டும் சேர்ந்தால் தூண். பாத்திரத்தில் அடுப்பின் சூடு வாயுவை விரட்டுகிறது, குகையில் சூடே இல்லாமல் அது நடக்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான். வேகத்தில் மட்டும் பெரிய வேறுபாடு. கல்விழுது பொதுவாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் வளரும். குகைக்குள் எதையும் தொடாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணமும் இதுதான். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் நீர் ஒட்டாமல் வழிந்துவிடும், வளர்ச்சி நின்றுபோகும்.

மேற்பரப்புக்கு வருவோம், நடக்கிறவர் காலில் படுவது அதுதானே. கருங்கல் மழையில் உருண்டு வழுவழுப்பாகும். சுண்ணாம்புக்கல் அப்படி இல்லை. வழியும் நீர் தன் பாதையைக் கரைத்துக்கொண்டே போவதால் பாறையில் நெடுக்கு வாட்டில் வாய்க்கால்கள் விழுகின்றன. இரண்டு வாய்க்கால்களுக்கு நடுவில் எஞ்சுவது கத்தி போன்ற விளிம்பு. குனிந்து பார்த்தால் விரல் நுழையும் துளைகள், அதற்குள் இன்னும் சிறிய துளைகள், ஒவ்வொன்றின் ஓரமும் கூர். கை ஊன்றினால் கீறும், ரப்பர் செருப்பை அறுத்துவிடும். இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நூற்றுக்கணக்கானவர்கள் மிதித்த பாதையில் மட்டும் அதே கல் மெருகேறிப் பளிங்கு போல வழுக்கும், ஈரம் பட்டால் கேட்கவே வேண்டாம். ஆக, ஓரத்தில் கூர்மை, நடுவில் வழுக்கல். கெட்டியான அடிப்பாகம் உள்ள காலணி, முடிந்தால் கையுறை, தலைக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். செஞ்சியில் செருப்போடு ஏறிய பழக்கம் இங்கே எடுபடாது.

இதை நன்றாக உணர்வது காவோ டேங் காட்சி முனைக்கு ஏறும்போது. 157 மீட்டர்தான், அரை மணி நேர ஏற்றம். இருந்தாலும் முக்கால்வாசிப் பாதையில் கையும் ஊன்ற வேண்டியிருக்கும். எல்லாரும் நேராகப் புகழ்பெற்ற குகைக்கு ஓடுகிறார்கள். நான் சொல்வது, முதலில் இங்கே ஏறுங்கள். உச்சியிலிருந்து பார்த்தால் மலை, சதுப்பு, கால்வாய், இறால் பண்ணை, கடல் எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். எது எதோடு சேர்ந்தது என்று புரிந்த பிறகு குகைக்குப் போவது வேறு அனுபவம்.

அந்தக் குகையின் பெயர் பிரயா நகோன். பாங் பூ என்ற மீனவர் கிராமத்திலிருந்து ஒரு சிறு குன்றைத் தாண்டி நடந்தோ, படகில் சுற்றியோ லேம் சாலா கடற்கரைக்குப் போகலாம். அங்கிருந்து 430 மீட்டர் ஏற்றம். குறுகிய தூரம்தான், ஆனால் செங்குத்து. குகைவாயில் இறங்கினால் எல்லாரும் எதிர்பார்ப்பது இருட்டு, கிடைப்பது வெளிச்சம். கூரையின் பெரும்பகுதி இடிந்து விழுந்துவிட்டது. கரைந்து கரைந்து கூடம் பெரிதாகி, தன் எடையைத் தாங்க முடியாத அளவுக்குக் கூரை மெலிந்ததும் சரிந்துவிடும். கார்ஸ்ட் நிலத்தில் குகைகளின் இயல்பான வாழ்க்கை இது. திறந்த கூரை வழியே மழையும் விதையும் விழுந்து, குகைத் தரையில் மரங்கள் வளர்ந்திருக்கின்றன. கூரையில் இடியாமல் எஞ்சிய பாறைப் பட்டை பாலம் போல நிற்கிறது.

அந்த மரங்களுக்கு நடுவில் ஒரு சிறிய அரச மண்டபம். நான்கு பக்கமும் முகப்பு வைத்த தாய்லாந்துக் கூரை. 1890இல் மன்னர் சுலாலங்கோன் வருகைக்காகப் பாங்காக்கில் செய்து, இங்கே கொண்டுவந்து பொருத்தினார்கள். மாகாணத்தின் முத்திரையில் இருப்பதும் இந்த மண்டபம்தான். காலை பத்தரை மணிக்கு மேல் கொஞ்ச நேரம் வெயில் கற்றை மண்டபத்தின்மேல் நேராக விழும், கூட்டமும் அப்போதுதான் வரும். படம் எடுத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. எடுத்த பிறகு சுவர்ப் பக்கம் போய், வெளிச்சம் படாத மூலையில் இன்னும் ஈரமாக இருக்கும் கல்விழுதுகளையும், வெயில் பட்டுப் பாசி ஏறிப் பச்சையான கல்விழுதுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கூரை இடிந்தபின் குகையின் பாதி நின்றுபோனதும் மீதி இன்னும் வேலை செய்வதும் கண்ணெதிரே தெரியும்.

அப்புறம், இயல்பாக எழும் கேள்வி: நம் பக்கத்தில் ஏன் இப்படி மலை இல்லை? சுண்ணாம்புக்கல் இல்லாததாலா? அப்படி இல்லை. புதுச்சேரிக்கு மேற்கிலும் வடமேற்கிலும் வழுதாவூர், சேதராப்பட்டு, கரசூர்ப் பக்கம் நிலத்துக்கடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது, உலகப் புவியியலாளர்களுக்கு நன்றாகத் தெரிந்த கல்லும்கூட. டைனோசர் காலத்தின் இறுதிப் பகுதியில், சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன், இங்கே ஆழம் குறைந்த கடல் இருந்தது. அம்மோனைட் எனும் சுருள் ஓட்டு உயிர்கள், நாட்டிலஸ், சிப்பி எல்லாம் அந்தக் கல்லில் புதைந்து கிடக்கின்றன. கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர் திரட்டிய புதைபடிவங்களை இயற்கை ஆய்வாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விரிவாக விவரித்தார். கடலூர் மக்களுக்கு இன்னும் பழக்கமான அரியலூர்க் கல்லும் ஏறக்குறைய அதே கடல்களின் மிச்சம்தான். நமக்குச் சுண்ணாம்புக்கல் என்றால் சிமெண்ட் ஆலை நினைவுக்கு வருவது அரியலூரால்.

கல் ஒரே வகை, கதை வேறு. இந்திய நிலம் பழைய தென்கண்டத்திலிருந்து பிரிந்தபோது கிழக்குக் கரையோரம் பள்ளம் விழுந்து காவிரிப் படுகை உண்டானது. அதில் மணல், களிமண், சுண்ணாம்பு என்று மாறி மாறி வண்டல் படிந்தது. சுண்ணாம்பு அடுக்குகள் மெல்லியவை, மணல் கலந்தவை. பிறகு எதுவும் அவற்றை நெருக்கவில்லை, மடிக்கவில்லை. கடலை நோக்கி லேசாகச் சரிந்தபடியே கிடந்தன. அதற்கும் மேல் ஆறுகள் கொண்டுவந்த மணலும் சரளையும் படிந்து கடலூர் மணற்கல்லாகிச் செக்கச்செவேலென்று மூடிக்கொண்டது. கோரிமேட்டுச் செம்மண்ணும், குயிலாப்பாளையம் பக்கத்துச் செம்மண் பள்ளத்தாக்குகளும், கடலூரின் கேப்பர் மலையும், திருவக்கரைக் கல்மரங்களும் அந்த அடுக்கைச் சேர்ந்தவை. கேப்பர் மலையை மலை என்று நாம் சொல்வது பாசத்தால். அது மேட்டு நிலம், சுண்ணாம்பு அதில் இல்லை.

சாம் ரோய் யோட் கல்லின் வயது நம் கல்லைப் போல நான்கு மடங்கு. சுமார் 26 முதல் 28 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலக் கடலில் நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனுக்குப் படிந்தது. இன்றைய மேற்குத் தாய்லாந்து அப்போது தனி நிலத்துண்டு. அதுவும் நம்மைப் போலத் தென்கண்டத்திலிருந்து பிரிந்து வந்ததுதான். வடக்கே நகர்ந்து இந்தோசீன நிலத்தோடு மோதியதில் கல் மடிந்து, உடைந்து, நிமிர்ந்தது. விரிசல் விழுந்த தடித்த கல்லும் வெப்பமண்டல மழையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த முந்நூறு முகடுகள் விடை. பலவீனமான இடமெல்லாம் கரைந்து போக, கரையாமல் எஞ்சியவை கோபுரமாக நிற்கின்றன. அங்கே மழை செதுக்க உயரம் கிடைத்தது. இங்கே கல் மண்ணுக்கடியில் மூடிக் கிடக்கிறது.

எனக்கு இதில் ஒரு ஆதங்கம் உண்டு. திருவக்கரைக் கல்மரங்களுக்கு இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் வேலியாவது இருக்கிறது. கரசூர், சேதராப்பட்டுப் பக்கம் கிணறு வெட்டும்போது வெளியே கொட்டிய கல்லில்தான் அந்தப் பழைய கடலைப் பார்க்க முடியும். அந்த நிலமோ தொழிற்பேட்டையும் வீட்டு மனையும் ஆகிக்கொண்டிருக்கிறது. தாய்லாந்திலும் சராபுரி போன்ற இடங்களில் சுண்ணாம்புக்கல் குன்றுகளை வெட்டிச் சிமெண்ட் ஆக்குகிறார்கள். சாம் ரோய் யோட் 1966இலேயே காப்பாற்றப்பட்டது அதிர்ஷ்டம். இந்தக் குன்றுகளில் ஒன்று போனால் போனதுதான். ஏனென்றால் ஒவ்வொரு குன்றும் உயிரினங்களுக்கு ஒரு தீவு. ஓடு கட்டச் சுண்ணாம்பு தேவைப்படும் நத்தைகள் ஒரு குன்றில் பெருகி, நடுவில் இருக்கும் வயல்வெளியைத் தாண்ட முடியாமல் அங்கேயே தனி இனமாகிவிடுகின்றன. பல்லிகளும் அப்படித்தான். 2014இல் அறிவியலுக்குப் புதிதாக அறிவிக்கப்பட்ட ஒரு பல்லியினம் இந்த மலையின் பெயரையே தாங்கியிருக்கிறது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட கருங்குரங்குகளைக் காவோ டேங் அடிவாரத்தில் எளிதில் பார்க்கலாம். குட்டி பிறக்கும்போது ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறம், வளர வளர சாம்பல் நிறமாகும்.

மலைக்குள் இறங்கிய மழை ஒருநாள் வெளியே வந்துதானே ஆக வேண்டும்? அதில் ஒரு பங்கு மேற்கு அடிவாரத்தில் துங் சாம் ரோய் யோட் என்ற பெரும் நன்னீர்ச் சதுப்பைச் சேர்கிறது. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் இந்த வளைகுடாவில் கடல்மட்டம் இன்றைவிடச் சில மீட்டர் உயரமாக இருந்தது. அப்போது இந்தக் குன்றுகள் கடலுக்குள் தீவுகள். கடல் பின்வாங்க, நடுவில் சேறு நிரம்பி நிலமானது. சில பாறைகளின் அடியில், அலை குடைந்த பள்ளம் இப்போது தரைக்கு மேலே தெரியும். சதுப்பு 2008இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. நம் பிச்சாவரம் அந்தப் பட்டியலில் சேர்ந்தது 2022இல். நாணலும் தாமரையுமாக இருக்கும் அந்தச் சதுப்பில் நீலத் தாழைக்கோழிகளைப் பார்க்கும்போது ஊசுட்டேரிக்காரருக்கு ஊர் ஞாபகம் வராமல் போகாது. காவோ டேங் கால்வாயில் படகில் போகும்போது இருபுறமும் அலையாத்தி மரங்கள், பிச்சாவரம் மாதிரியே. ஆனால் தலைக்கு மேல் செங்குத்தாகச் சுண்ணாம்புச் சுவர்.

ஒற்றுமை மரத்தோடும் பறவையோடும் முடியவில்லை, வானிலையும் கிட்டத்தட்ட நம்முடையதுதான். தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை மேற்குத் தொடர்ச்சி மலை நமக்குத் தடுப்பது போல, மியான்மர் எல்லையில் நிற்கும் தெனாசெரிம் மலைத்தொடர் பிரச்சுவாப் கிரி கானுக்குத் தடுக்கிறது. அங்கேயும் பெருமழை அக்டோபர், நவம்பரில்தான். அந்த மாகாணத்தில் வளைகுடாவுக்கும் மியான்மர் எல்லைக்கும் இடையே நிலம் ஓரிடத்தில் 12 கிலோமீட்டர் அளவுக்குக் குறுகிவிடுகிறது. தெற்கே அடுத்துள்ள சும்போனில் 1989 நவம்பரில் கரையேறிய ‘கே’ புயல், அந்தக் குறுகிய நிலத்தைத் தாண்டி வங்கக் கடலுக்குள் வந்து மறுபடி வலுத்து, ஆந்திரத்தின் காவலியில் கரை கடந்தது. அவர்களுடைய புயலும் நம்முடைய புயலும் சில வருடங்களில் ஒன்றுதான்.

காவோ டேங் உச்சியிலிருந்து கீழே தெரியும் சதுரக் குளங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1980களின் பிற்பகுதியிலிருந்து இறால் பண்ணைகள் பூங்காவின் தாழ்நிலத்துக்குள்ளேயே நுழைந்தன. அலையாத்திக் காடும் சதுப்பும் வெட்டப்பட்டன. நோயும் உப்பும் ஏறியபின் பல குளங்கள் கைவிடப்பட்டன, உப்பேறிய மண்ணில் பழைய செடிகள் சுலபமாகத் திரும்பவில்லை. கடலூர், நாகைக் கரையில் அதே காலத்தில் நடந்ததும் இதேதான். இங்கே காந்தியவாதி ஜெகந்நாதன் வழக்குத் தொடுத்து, 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அங்கே தேசியப் பூங்கா என்ற பெயரே முழுப் பாதுகாப்பாக இருக்கவில்லை. மலை தப்பித்தது, அடிவாரம் தப்பவில்லை. தண்ணீர்க் கணக்கில் பார்த்தால் இரண்டும் ஒன்று. மலை வாங்கும் மழையில் ஒரு பகுதி சதுப்புக்கு வருகிறது, சதுப்பும் அலையாத்தியும் கடலுக்கு முன் அதை வடிகட்டுகின்றன. உச்சியை மட்டும் காப்பது பாதி வேலைதான்.

போக நினைப்பவர்களுக்கு: சென்னையிலிருந்து பாங்காக்குக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து ரயிலிலோ வேனிலோ ஹுவா ஹின் அல்லது பிரான் புரி வரை வந்து, வாடகை வண்டி எடுப்பது நல்லது. பூங்காவுக்குள் இடங்கள் சிதறிக் கிடப்பதால் பொதுப் பேருந்தை நம்பினால் பாதி நாள் வீண். டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஏப்ரலில் வெள்ளைக் கல் வாங்கித் திருப்பி வீசும் வெயில் தாங்காது. ஒருநாள் தங்கினால், மறுநாள் விடியும் முன் டார்ச்சோடு காவோ டேங், வெயில் ஏறும் நேரத்தில் பிரயா நகோன், மாலையில் கால்வாய்ப் படகு என்று வைத்துக்கொள்ளலாம். கூட்டம் இல்லாத குகை வேண்டுமென்றால் பாங் பூ பக்கத்திலேயே கேயோ (Kaeo) என்ற குகை இருக்கிறது. அது இன்னும் கூரை இடியாத, முழு இருட்டுக் குகை. நல்ல விளக்கும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் இறங்க வேண்டாம். குரங்குகள் பையைப் பறிக்கும், உணவைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். மழைக்குப் பிறகு பாதைகளையும் குகைகளையும் மூடிவைப்பதுண்டு, அதனால் கிளம்புவதற்கு முந்தின நாள் தங்குமிடத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். அக்டோபர், நவம்பரில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். லேம் சாலாவுக்குப் படகு கிடைத்தாலும் குன்றைத் தாண்டி நடந்தே போய்விடுங்கள்.